வெந்நீருக்கு எரித்த விறகு

மாதா கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பாட்டின் பாதியில் எனக்கு மூச்சு அறுந்துபோனது. வரி முடிய இன்னும் சில சொற்கள் இருந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்துச் சமாளித்தேன். யாருக்கும் தெரியவில்லை என்பதில் அன்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது.

என் பெயர் லூர்து. கள்ளக்குறிச்சியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவள். வேலை உட்கார்ந்தபடி, மின்விசிறிக்குக் கீழே. ஆலைப் பக்கமோ கல் குவாரிப் பக்கமோ ஒருநாளும் போனதில்லை. என் வீட்டுக்காரர் சூசைக்கு பீடி, சிகரெட் வாசமே ஆகாது. எங்கள் வீட்டில் புகை பிடிப்பவர் யாரும் இல்லை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமை எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கும் காலையில் இருமல் வரலாம். “தூசி ஒத்துக்கலை, பனி ஒத்துக்கலை” என்று நீங்களே உங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆடி மாதத்தில் தொடங்கியது கார்த்திகை வரை ஓடியது.

எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. படி திரும்பும் இடத்தில் நின்று, கைபேசியில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் பார்ப்பேன். மூச்சு அடங்கியதும் மேலே போவேன். கூட வேலை செய்கிறவர்கள், அக்காவுக்கு இந்த வயதில் யாரிடமிருந்து இவ்வளவு செய்தி வருகிறது என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் இருமல் வரும் என்பதால் கொஞ்சமாகச் சிரித்தேன்.

ஒருநாள் காலை சளியில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தது. அன்றுதான் முதன்முதலாக உண்மையான பயம் வந்தது. சூசையிடம்கூடச் சொல்லாமல் அரைநாள் அதைச் சுமந்துகொண்டிருந்தேன். பத்திரத்தில் நாலெல்லை அடிக்கும்போது கிழக்கையும் மேற்கையும் மாற்றி அடித்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். மாலையில் சொன்னேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் என்னை வண்டியில் உட்காரவைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். முடிவு வரும்வரை என் தட்டு, தம்ளரை நானே தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஓசூரில் இருக்கும் மகளிடம் லீவுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசநோய் இல்லை என்று வந்தது. விடாமல் இருமியதில் தொண்டை புண்ணாகி வந்த ரத்தம் என்றார். எக்ஸ்ரேயிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சிரைப்பு மாதிரி இருக்கிறது என்று இன்ஹேலர் (வாயில் வைத்து மருந்தை உள்ளே இழுக்கும் சிறு குப்பி) கொடுத்தார்.

அவர் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். சமையல் விறகிலா கேஸிலா என்று கேட்டார். கேஸ்தான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அது பொய்யில்லை. கல்யாணமாகி இரண்டாவது வருஷமே கேஸ் வாங்கிவிட்டோம்.

சூசை ஊருக்கு வெளியே ஒரு மரப்பட்டறையில் மேஸ்திரி. கதவு, ஜன்னல், கட்டில், அலமாரி எல்லாம் அங்கே செய்கிறார்கள். அறுத்துப்போட்ட துண்டு மரம், பிளைவுட் ஓரம், இழைத்த சுருள், கழற்றிப்போட்ட பழைய பெயின்ட் கதவு எல்லாம் ஒரு மூலையில் மலையாய்க் கிடக்கும். வீட்டுக்கு வரும்போது ஒரு சாக்கில் கட்டி வண்டியின் பின்னால் வைத்துக் கொண்டுவருவார். எங்கள் வீட்டின் பின்பக்கம், குளியலறையை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே மூன்று செங்கல் வரிசை வைத்து ஓர் அடுப்பு. அதன்மேல் கரிபிடித்த ஒரு பெரிய குண்டான். அதில்தான் எங்கள் குளியல் வெந்நீர் காய்ந்தது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான். உள்ளே கேஸ், பின்னால் விறகு. சோற்றுக்கு வாங்கிய சிலிண்டரைக் குளிக்கிற தண்ணீருக்குச் செலவழிக்கிற பெண்ணை எங்கள் ஊரில் சமர்த்து என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கவனித்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே பிடித்திருப்பீர்கள். நாங்கள் பிடிக்கவில்லை. எங்கள் பேச்சில் அடுப்பு என்றால் சோறு வேகிற இடம். வெந்நீர் காய்கிற இடத்தை நாங்கள் அடுப்புக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. டாக்டரிடம் மறைக்கவில்லை, நினைவுக்கே வரவில்லை.

உடம்பு சரியில்லாதவளுக்கு வெந்நீர்தானே முதல் வைத்தியம்? டாக்டர் பனியில் போகாதீர்கள், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்று சொன்னதை சூசை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அதுவரை காலையில் மட்டும் எரிந்த அடுப்பு மாலையிலும் எரிந்தது. குளிக்க வெந்நீர், ஆவி பிடிக்க வெந்நீர், கால் நனைத்து உட்கார வெந்நீர். நான் குளிர் தாங்காமல் போர்த்திக்கொண்டு அந்த நெருப்புப் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்திருப்பேன். இதமாக இருக்கும். எங்கள் படுக்கையறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். பிளைவுட் எரியும்போது ஒரு காரமான வாசம் வரும். கண் எரியும். அடுப்பென்றால் கண் எரியத்தானே செய்யும் என்று முந்தானையால் துடைத்துக்கொள்வேன்.

மார்கழியில் நிலைமை முற்றியது. பனி இறங்குகிற மாதம். எல்லா வீட்டுப் புகையும் மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். தெருக்கோடியில் நிற்கும் வேப்பமரம் தெரியாது. அதைப் பனி என்றுதான் நாங்கள் சொல்வோம். படுத்தால் மூச்சு அடைத்தது. தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்கப் பழகினேன். தூக்கம் வரும் நேரத்தில், தூங்கினால் மூச்சு விட மறந்துவிடுவேனோ என்ற பயம் வரும். அபத்தமான பயம்தான். அபத்தம் என்று தெரிந்ததால் அது கொஞ்சமும் குறையவில்லை.

பட்டறையில் சூசையோடு வேலை செய்யும் வெள்ளையன் கல்வராயன் மலைக்காரர். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வருகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு, பொங்கல் கழிந்ததும் எங்களைக் கூப்பிட்டார். “டவுன் தூசிதாண்ணே அண்ணிக்கு ஒத்துக்கல. எங்க மலைக் காத்து பட்டா நாலு நாள்ல சரியாப்பூடும்” என்றாராம். சூசைக்கு அது போதும். லீவு சொல்லிவிட்டு என்னைக் கிளப்பிவிட்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைவு வளைவாக ஏறியது. வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து ஒரு சரக்கு வண்டியில் அவர்கள் ஊருக்குப் போனோம். அன்று பகல் முழுவதும் நான் வேறு ஒரு மனுஷியாக இருந்தேன். சாமை அறுத்த கொல்லைகளுக்கு நடுவே நடந்தேன். வெள்ளையன் மனைவி பொன்னியோடு கிணற்றடி வரை போய்வந்தேன். இருமல் இல்லை. சூசையிடம், நீங்கள் ஊருக்குப் போங்கள், எனக்கு இங்கேயே ஒரு வீடு பாருங்கள் என்று சொன்னேன். நோய் மலையடிவாரத்திலேயே தங்கிவிட்டது என்று நம்பினேன். அந்தச் சில மணி நேரச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அவர்கள் வீடு ஒரே நீள அறை. ஒரு மூலையில் விறகடுப்பு. விருந்தாளி, அதிலும் நோயாளி என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில், குளிர் அண்டாத இடத்தில் எனக்குப் பாய் போட்டார்கள். வீட்டிலேயே நல்ல இடம் அது. விடியற்காலையில் பொன்னி எழுந்து அடுப்பை மூட்டினாள். டவுனிலிருந்து வந்தவர்கள் வெந்நீர் இல்லாமல் குளிக்கமாட்டார்கள் என்று பெரிய பானையை ஏற்றினாள். பனியில் நனைந்த விறகு. கதவு எனக்காகச் சாத்தியிருந்தது.

இருமி எழுந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூச்சுத் திணறல் என்றால் காற்று உள்ளே போகாது என்று நினைப்போம். எனக்கு நடந்தது வேறு. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. நெஞ்சு நிறைந்து இறுகி நின்றது. புதுக் காற்றுக்கு இடமில்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன், மருந்து நாக்கோடு நின்றது. விரல் நகம் நீலமாக இருப்பதைப் பார்த்தேன். பேச வரவில்லை. சூசை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சாவதென்றால் இதுதான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாதா பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. காற்று என்ற ஒன்றைத் தவிர மனதில் எதுவுமே இல்லை.

கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே போகவிருந்த ஒரு வண்டியை வெள்ளையன் ஓடிப்போய் நிறுத்தினார். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு என்னை முன்சீட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் என் தலை கண்ணாடியில் மோதியது. திறந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. அத்தனை காற்றும் என் மூக்குக்கு வெளியிலேயே இருந்தது. சூசை கண்ணை மூடாதே, கண்ணை மூடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த மலைப்பாதை எனக்கு இன்னும் முடியவில்லை. கனவில் அதில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெபுலைசர் (மருந்தை நுண்ணிய ஆவியாக்கி மூச்சில் ஏற்றும் கருவி) வைத்தார்கள். ஊசி போட்டார்கள். மெல்ல மெல்ல உள்ளே தங்கியிருந்த காற்று வெளியே வந்தது. முதல் முழு மூச்சு வந்தபோது அழுதேன். அழுதால் மறுபடி இரைக்கும் என்று நர்ஸ் அதட்டினார்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் நெஞ்சக நோய் டாக்டர் வந்தார். என் மகளைவிடச் சில வயது மூத்த பெண். ஸ்பைரோமெட்ரி (மூச்சை முழுவதும் இழுத்துக் குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்தார். ஊது, ஊது, இன்னும் ஊது என்று பக்கத்தில் நின்றவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஊதுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார் டாக்டர். மூச்சுக்குழல்கள் பல வருஷமாகப் புண்பட்டுச் சுருங்கி, உள்ளே போகும் காற்றை வெளியே விடமுடியாமல் போவது. பெரும்பாலும் சிகரெட் குடிக்கிறவர்களுக்கு வரும் என்றார். அடுத்தபடியாக விறகடுப்பில் சமைக்கும் பெண்களுக்கு.

எதில் சமைக்கிறீர்கள் என்று அவரும் கேட்டார். கேஸில்தான், இரண்டிலும் நான் இல்லையே என்றேன். அவருக்கும் அதுதான் புரியவில்லை. மலையில் ஒரு காலையில் பட்ட புகை இதைக் கிளப்பிவிட்டிருக்கும், ஆனால் உண்டாக்கியிருக்காது என்றார். அப்போது சூசை வீட்டிலிருந்து வந்தார். துவைத்துக் காயப்போட்டிருந்த துணிகளையும் துண்டையும் கட்டிலில் வைத்தார். டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தவர், அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது எங்கேருந்து வந்தது?”

“வூட்ல இருந்து இப்பதாங்க எடுத்தாந்தேன்” என்றார் சூசை. “பின்னால கொடியில காஞ்சிக்கினு இருந்துச்சு.”

“விறகுப் புகை வாசம் அடிக்குதே. கேஸ்லதான் சமைக்கிறோம்னு சொன்னீங்க.”

“கேஸ்தாங்க. வெறகுல சமைச்சு எத்தினியோ வருஷம் ஆச்சு.”

“அப்ப இது என்ன புகை?”

“அதுங்களா? அது வென்னி வைக்கிறதுங்க” என்றார் சூசை, சாதாரணமாக.

டாக்டர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கே வைக்கிறீர்கள், எத்தனை வேளை, என்ன விறகு என்று கேட்டார். சூசை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிளைவுட், பெயின்ட் கதவு, இழைத்த சுருள் நன்றாகப் பற்றும் என்பது வரை சொன்னார். எனக்கு உடம்பு சரியில்லாததால் இப்போது வேளைக்கு வேளை சுடச்சுட வைத்துக் கொடுப்பதையும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் பாதியில் இறங்கியது. டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டார் போலும்.

“எதுல சமைக்கிறீங்கன்னுதான் கேட்டேன்” என்றார் டாக்டர். “வீட்ல எதை எரிக்கிறீங்கன்னு கேட்டிருக்கணும்.”

பிறகு பொறுமையாக விளக்கினார். விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. அவை மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடி வரை போய்த் தங்கும். பிளைவுட் என்றால் அதன் பசையும், பழைய கதவு என்றால் அதன் பெயின்டும் சேர்ந்து எரியும். வெட்டவெளியில் எரித்தாலும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். பக்கத்து வீட்டுப் புகையும் அப்படித்தான் வரும். கெட்டுப்போன பகுதி திரும்பாது என்றார். மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இன்னும் இதே அளவு புகை பட்டால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு வாழவேண்டி வரும். அவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகப் பயந்தேன்.

மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே என்றார். அன்றிலிருந்து அந்தப் பாதிதான் என் சொத்து. அதில் ஒரு துளிகூடக் குறையக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே சூசை கடப்பாரையை எடுத்து அந்த அடுப்பை இடித்தார். செங்கல்லை அப்புறப்படுத்தினார். குண்டானைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். பின்சுவரில் படிந்திருந்த கரியைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தார். பிறகு நான் படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“உனுக்குன்னுதான் வெச்சேன் லூர்து” என்றார்.

“எனுக்குத் தெரியாதா?” என்றேன்.

அதற்குமேல் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வாரம் முழுவதும் அவர்மேல் கோபமாகவும் இருந்தது. நியாயமே இல்லாத கோபம். அந்த நெருப்புப் பக்கத்தில் மணை போட்டுக் குளிர்காய்ந்தது நான்தானே. ஆனால் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் நியாயத்தை யோசிக்க முடியாது. நோயாளிக்கு யார்மேலாவது கோபம் வேண்டியிருக்கிறது. கூட இருப்பவர்கள் கொஞ்சநாள் தாங்கிக்கொள்ளவேண்டும்.

எனக்குக் குளிக்க ஒரு சின்னப் பாத்திரத்தில் கேஸில் வெந்நீர். அவர் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறார். மூட்டுவலிக்காரர். மார்கழியில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவர் பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்கும். ஹீட்டர் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் சம்மதிக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்ட தண்டனை அது என்று எனக்குப் புரிகிறது. அவரே எப்போது விடுகிறாரோ விடட்டும்.

எங்கள் வீட்டுப் புகையை நிறுத்திவிட்டோம். தெருவின் புகை? முதல் வருஷம் பனி விலகும்வரை ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத் துணி திணித்து வைத்தோம். அடுத்த மார்கழிக்கு முன்பே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. எங்கள் சுவரை ஒட்டிய வீடு செல்வியுடையது. அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்துவிட்டது. பச்சைக் குழந்தை உள்ள வீடு. பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், குழந்தைக்கு வெந்நீர், துணி அலச வெந்நீர் என்று பகல் முழுக்க அடுப்பு எரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையும் காட்டினார்கள். எங்கள் சுவருக்கு மேலே புகை எழும்பும்போது எனக்கு மலையிலிருந்து இறங்கிய அந்தக் காலை திரும்பி வந்துவிடும். மூச்சு இரைப்பதற்கு முன்பே இன்ஹேலரைத் தேடுவேன்.

அடுத்த வீட்டுக்காரியிடம் உன் அடுப்பை அணை என்று எப்படிக் கேட்பது? அதுவும் பிள்ளை பிறந்த வீட்டில். பல நாள் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒருநாள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் நோயையும் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். செல்விக்கு முகம் மாறிவிட்டது.

“இன்னாக்கா இப்பிடிச் சொல்ற? கொழந்தைக்கு வென்னி ஊத்தாம எப்பிடி?”

“ஊத்து. கேஸ்ல வெச்சு ஊத்து. இந்தப் பொக எனுக்குன்னு மட்டும் இல்ல செல்வி. கொழந்த நெஞ்சு எம்மாத்தூண்டு இருக்கும்னு யோசி.”

உங்கள் வீட்டில் நோய் வந்தால் அதற்கு எங்கள் வீட்டு நெருப்பா காரணம் என்று செல்வியின் மகள் உள்ளேயிருந்து கேட்டாள். ஊரில் எல்லாரும் இப்படித்தானே பிள்ளை வளர்க்கிறார்கள் என்றாள். நான் சண்டைக்கு நிற்கவில்லை. நிற்க மூச்சில்லை. ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. பிறகு அடுப்பை வீட்டின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது புகை அவர்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. மலையில் பொன்னியும் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டுதான் இருந்தாள். குளிர் என்று சொல்லிச் சிரித்தாள். வெள்ளையனிடம், அவளை ஒருநாள் கீழே கூட்டிவந்து டாக்டரிடம் காட்டு என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். காட்டுகிறேன் அண்ணி என்கிறார்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய யோசனைகள் இல்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டில் எரிவதையெல்லாம் சொல்லுங்கள். வெந்நீர், குப்பை, கொசுவுக்குப் போடும் மூட்டம், சாம்பிராணி எல்லாவற்றையும். இன்ஹேலரை யாராவது முறைத்துப் பார்த்தால் திருப்பி முறையுங்கள். மூச்சு அடைக்கும்போது உதட்டைக் குவித்து, சூடான பாலை ஊதுவதுபோல் மெதுவாக ஊதுங்கள். உள்ளே இழுக்கத்தான் மனம் பதறும். முதலில் வெளியே விடவேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது.

அந்த மார்கழி முடிந்து, தை, மாசியும் கழிந்ததும் மறுபடி ஊதிப்பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் தெருப் புகையில் இருந்திருக்கிறேன். என் பாதியில் எவ்வளவு போயிற்று என்று அன்று தெரிந்துவிடும். முந்தின நாள் சாப்பிட முடியவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பெயரைக் கூப்பிடவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சூசையை உள்ளே வரவேண்டாம் என்று சொன்னேன். கணக்குத் தெரியும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஊதினேன். கண் இருட்டும்வரை ஊதினேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படியே இருக்கும்மா” என்றார். “குறையல.”

கூடவில்லையா என்று கேட்கத் தோன்றவில்லை. இனி கூடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அடுத்த வருஷம் இப்படி இருக்கவேண்டும், அதற்கடுத்த வருஷம் அப்படி இருக்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவள் நான். இப்போது நாளை என்பது இன்றைக்கு இருப்பதுபோலவே இருந்தால் போதும். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் உழைக்கிறேன். நின்ற இடத்திலேயே நிற்பதற்கு இவ்வளவு பாடுபடவேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெளியே வந்தேன். சூசை எழுந்து நின்றார்.

“இன்னா சொன்னாங்க?”

“அப்பிடியே கீதாம்.”

அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எங்களுக்கு ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ஒரு பெண் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும்வரை மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன்.